மூக்கு வழியாக வந்த காபி: ஒரு கடைவாய்ப் பல்லும் ஒரு பாலிசியும், இரண்டரை வருட அனுபவம்

2023 பொங்கலுக்கு முந்தின வாரம், இடது பக்க மேல் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினேன். பழைய ரூட் கெனால் பல். கேப் கழன்று, உள்ளே சொத்தையாகி, காப்பாற்ற முடியாது என்று ஆகிவிட்டது. வீட்டுக்குப் பக்கத்துக் கிளினிக்கில் 1,200 ரூபாய். "மேல் பல்லைப் பிடுங்கினா கண்ணு போயிரும்டா" என்றார் அம்மா. நான் சிரித்தேன்.

பல் சுலபமாக வரவில்லை. முக்கால் மணி நேரம் ஆட்டி, உடைத்து, துண்டு துண்டாக எடுத்தார் டாக்டர். கடைசியில் எதையோ தேடுவது போல ஒரு நிமிடம் நின்றார். அப்புறம் "முடிஞ்சுது சார், பஞ்சைக் கடிச்சுக்கோங்க" என்றார். மறுநாள் காலை, ஆறிய காபியை ஒரு வாய் குடித்தேன். இடது மூக்கிலிருந்து ஒழுகியது. சட்டையில் காபிக் கறை. மனைவி என் முகத்தையும் டம்ளரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

கிளினிக்குக்கு போன் செய்தால், "அப்படித்தான் இருக்கும், ஒரு வாரத்துல மூடிடும்" என்றார்கள். மேல் கடைவாய்ப் பல்லின் வேர்களுக்கு நேர் மேலே, மேல் தாடை எலும்புக்குள், சைனஸ் என்கிற காற்றறை இருக்கிறது. சிலருக்கு இரண்டுக்கும் நடுவில் எலும்பு காகிதம் போல மெல்லியதாக இருக்குமாம். பல்லை எடுக்கும்போது அது உடைந்தால் வாய்க்கும் மூக்குக்கும் வழி திறந்துவிடும். ஓட்டை சின்னதாக இருந்தால் தானாகவே மூடிவிடும் என்பதும் உண்மைதான். எனக்கு மூடவில்லை. மூன்று வாரத்தில் கன்னம் கனத்தது, குனிந்தால் வலித்தது, வாயில் எனக்கே தாங்காத நாற்றம்.

சென்னைக் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போனேன். ஓ.பி. சீட்டு, வரிசை, காத்திருப்பு எல்லாம் உண்டு. ஆனால் என் மூக்கைப் பிடித்துக்கொண்டு "ஊதுங்க" என்று சொல்லி, பல் குழியில் குமிழி வருகிறதா என்று பார்த்த முதல் ஆள் அங்கிருந்த பயிற்சி மருத்துவர்தான். குமிழி வந்தது. எக்ஸ்ரேயில் சைனஸுக்குள் வெள்ளையாக ஒரு துண்டு, அரிசி மணி அளவுக்கு. உடைந்த வேர். அன்றைக்கு டாக்டர் தேடியது அதைத்தான்.

அங்கேயே அறுவை சிகிச்சை செய்துகொண்டிருக்கலாம். ஐந்து வருடமாகக் கட்டும் மருத்துவக் காப்பீட்டு பாலிசி இருக்கிறதே, நிறுவனமே பில்லை நேரடியாகக் கட்டும் கேஷ்லெஸ்ஸில் முடித்துவிடலாம் என்று தனியார் மருத்துவமனைக்குப் போனேன். இந்தக் கதையில் என் தப்பு அது ஒன்றுதான்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக நடந்தது. முழு மயக்கம் கொடுத்து வேர்த் துண்டை எடுத்து, சைனஸைச் சுத்தம் செய்து, கன்னப் பக்கத்து ஈறை இழுத்து ஓட்டையை மூடித் தைத்தார்கள். அதற்குப் பிறகு இரண்டு வாரம் மூக்குச் சிந்தக் கூடாது, ஸ்ட்ரா வைத்து உறிஞ்சக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்துதான் தும்ம வேண்டும். மின்சார ரயிலில் அப்படித் தும்மிப் பாருங்கள், பக்கத்து சீட் தானாகக் காலியாகும்.

பில் 68,400 ரூபாய். இன்சூரன்ஸ் டெஸ்க்கில் கேஷ்லெஸ் கிடையாது என்று பதில் வந்தது: "பல் சிகிச்சை பாலிசியில் இல்லை." கார்டில் கட்டினேன். அப்புறம் ரீஇம்பர்ஸ்மென்ட், அதாவது கட்டிய பணத்தைத் திருப்பித் தரக் கேட்டு எல்லாக் காகிதங்களையும் அனுப்பினேன். அதே வரியில் மறுபடி நிராகரிப்பு.

அன்றைக்குத்தான் பாலிசிப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். நம் ஊர் மருத்துவக் காப்பீடுகளில் பெரும்பாலும் இருப்பது போலத்தான் இதிலும்: விபத்தில் அடிபட்டு மருத்துவமனையில் சேர்ந்தால் தவிர பல் சிகிச்சைக்குப் பணம் இல்லை. சரி, அது புரிகிறது. 1,200 ரூபாயை நான் கேட்கவும் இல்லை. ஆனால் அறுவை சிகிச்சை நடந்தது சைனஸில். அதற்கு இரண்டு வருடக் காத்திருப்புக் காலம் போட்டிருந்தார்கள், அதாவது பாலிசி எடுத்த முதல் இரண்டு வருடம் அதற்குப் பணம் கிடையாது. எனக்கு அது எப்போதோ முடிந்துவிட்டது. பிறகு ஏன் நிராகரித்தார்கள்? டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பார்த்தேன். முதல் வரியே "பல் பிடுங்கியதைத் தொடர்ந்து" என்று ஆரம்பித்தது. அதற்கு மேல் அவர்கள் படித்திருக்கவே மாட்டார்கள் என்பது என் சந்தேகம்.

அறுவை செய்த டாக்டரிடம் போய்ச் சொன்னேன். மனிதர் சலித்துக்கொள்ளாமல் ஒரு பக்கக் கடிதம் கொடுத்தார்: நாள்பட்ட சைனஸ் தொற்று, வாய்க்கும் சைனஸுக்கும் இடையே திறப்பு, சைனஸுக்குள் அந்நியப் பொருள், முழு மயக்கத்தில் அறுவை சிகிச்சை. எழுதியதெல்லாம் நடந்ததுதான், வரிசை மட்டும் மாறியிருந்தது. அதை வைத்து நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதினேன். ஒரு மாதம் கழிந்தும் பதில் இல்லை.

அடுத்து இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன், அதாவது காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்ப்புச் சொல்பவர். சென்னை அலுவலகம் தேனாம்பேட்டை அண்ணா சாலையில் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்துக்கொள்ளவும் கூடாது. முதலில் நிறுவனத்துக்கு எழுதியிருக்க வேண்டும். நிராகரித்த ஒரு வருடத்துக்குள் இங்கே வந்துவிட வேண்டும். விசாரணை வீடியோவில் கால் மணி நேரம்தான். நிறுவனத்தின் ஆள் மறுபடி "பல்" என்றார். நான் ஸ்கேன் படத்தை கேமரா முன்னால் பிடித்து, வேர்த் துண்டு கிடந்த இடத்தைப் பேனாவால் காட்டினேன். தீர்ப்பு எனக்குச் சாதகமாக வந்தது. 2024 ஜனவரியில் 57,900 ரூபாய் கணக்கில் ஏறியது. கையுறை, சிரிஞ்சு என்று ஏதேதோ பெயரில் மீதியைக் கழித்திருந்தார்கள். அதற்கும் சண்டை போட எனக்குத் தெம்பில்லை.

கிளினிக் மீது ஏன் வழக்குப் போடவில்லை என்று பலர் கேட்டார்கள். ஐந்து லட்சம் ரூபாய் வரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமே இல்லை என்று எனக்கும் தெரியும். வேர் சைனஸுக்குள் போவது கைதேர்ந்தவருக்கும் நடக்கக்கூடியது என்று அறுவை செய்த டாக்டரே சொன்னார். எனக்குக் கோபம் வேறு விஷயத்தில். தேடினார், கிடைக்கவில்லை என்று தெரிந்தது, ஒரு எக்ஸ்ரே எடுக்கவில்லை, என்னிடம் சொல்லவும் இல்லை. அதை நிரூபிக்க என்னிடம் இருந்தது ஒரு துண்டுச் சீட்டு மட்டும். விட்டுவிட்டேன். நல்ல முடிவா என்று இன்றும் தெரியவில்லை.

பல் இருந்த இடம் இன்னும் காலிதான். இம்ப்ளான்ட், அதாவது எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல் வைக்க அங்கே எலும்பு போதாது, சைனஸின் அடிப்பக்கத்தைத் தூக்கி அதன் கீழே எலும்பு வைக்க வேண்டும் என்கிறார்கள். அந்தச் சைனஸை இன்னொரு தடவை யாரும் தொட நான் விடமாட்டேன். அலுவலகக் காப்பீட்டில் பல்லுக்கென்று கூடுதல் பிரீமியம் கட்டித் தனி ஆட்-ஆன் எடுத்து ஒரு வருடம் ஆகிறது. சொத்தையை அடைப்பது, எக்ஸ்ரே, பல் எடுப்பது வரைக்கும் கொடுக்கிறார்கள். இம்ப்ளான்ட் என்றால் கையை விரித்துவிடுகிறார்கள். கட்டிய பிரீமியத்துக்கும் வாங்கியதற்கும் கணக்குச் சரியாகிவிட்டது, லாபம் என்று ஒன்றும் இல்லை.

போன மாதம் வலது பக்க மேல் பல் ஒன்றையும் எடுக்க வேண்டியதாயிற்று. வேறு டாக்டர். முதலில் முழு வாய் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னேன். பல் வந்ததும், "மேடம், வேரை எண்ணிக் காட்டுங்க" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே பஞ்சின் மேல் பல்லைத் திருப்பி வைத்தார். மூன்றும் இருந்தன. வீட்டுக்கு வந்ததும் அம்மா வாசலிலேயே நிறுத்தி, "இது எத்தனை?" என்று இரண்டு விரலைக் காட்டினார்.