பூட்டி வைப்பதா, திறந்து வைப்பதா? என்ட்ரி படிவங்களில் திருத்துவதும் சேமிப்பதும்

நாள் முழுக்க டேட்டா என்ட்ரி செய்பவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் ஒரு பழக்கம் கண்ணில் படும். ஒரு பதிவை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போவார். போன கையோடு திரும்பி வந்து, போட்டது அப்படியே இருக்கிறதா என்று ஒரு தரம் பார்ப்பார். அப்புறம்தான் மறுபடி கிளம்புவார். இதை யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. என்றோ ஒருநாள் அரைமணி நேர வேலை காணாமல் போயிருக்கும், அன்றிலிருந்து திரையை நம்புவதில்லை. அதில் வீணாகும் நேரம் கொஞ்சம்தான். ஆனால் ஒவ்வொரு பதிவிலும் அவர் மனதில் ஒரு சந்தேகம் ஓடுகிறதே, அதுதான் என்னை உறுத்தும்.

அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கப் படிவம் செய்பவர்களிடம் பல வழிகள் உண்டு. அவற்றில் பல ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை. அநேகமாக எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டேன், இப்போது எனக்கென்று ஒரு பக்கமும் இருக்கிறது.

திறந்த படிவமும் பூட்டிய படிவமும்

ஒரு பதிவை எடுத்ததும் விசையைத் தட்டினால் எழுத்து விழ வேண்டுமா, கூடாதா? முதல் சண்டை இங்கேதான்.

தரவுத்தள மென்பொருளான மைக்ரோசாஃப்ட் ஆக்சஸில் ஒரு டேபிளை (தரவு அட்டவணையை) வைத்துப் படிவம் உருவாக்கினால் அது திறந்தே இருக்கும். பார்ப்பதற்கும் திருத்துவதற்கும் அங்கே வித்தியாசம் கிடையாது. கர்சர் முதல் கட்டத்தில் நிற்கும், அந்தக் கட்டத்தில் உள்ளது முழுதும் தேர்வாகியும் இருக்கும். ஒரு விசை பட்டால் போதும், பழையது போய்ப் புதிய எழுத்து உட்கார்ந்துவிடும்.

நான் ஆரம்பத்தில் செய்து கொடுத்த ஒரு உறுப்பினர் பட்டியல் இப்படித்தான் இருந்தது. ஒருவர் போனில் பேசிக்கொண்டே ஒரு உறுப்பினரின் விவரத்தைப் பார்க்கிறார். மறுமுனையில் அடுத்த ஆளின் எண்ணைச் சொல்கிறார்கள். தேடல் கட்டத்தில் தட்டுவதாக நினைத்து அந்த எண்ணைத் தட்டுகிறார், கர்சர் இருந்ததோ பெயர்க் கட்டத்தில். எதுவும் வரவில்லையே என்று பேஜ் டவுன் அழுத்தி அடுத்த பதிவுக்குப் போகிறார். அவ்வளவுதான், சேவ் ஆகிவிட்டது. பெயர் இருந்த இடத்தில் வெறும் இலக்கங்கள். எந்தப் பெட்டியும் எழும்பிக் கேட்கவில்லை. மூன்று வாரம் கழித்து அச்சடித்த பட்டியலைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. பழைய பெயரைக் காகிதக் கோப்பில் தேடி எடுத்துச் சரிசெய்தோம். அவர்மேல் ஒரு தவறும் இல்லை. பார்க்க வந்தவர் கையில் மூடி கழற்றிய பேனாவைக் கொடுத்தது என் படிவம்.

அன்றைய ஆக்சஸில் இன்னொரு ஆபத்தும் இருந்தது. 2007 பதிப்புக்கு முன்னால், படிவத்தின் மேல் மவுஸ் சக்கரத்தை உருட்டினாலே அடுத்த பதிவுக்குத் தாவிவிடும். தாவினால் சேமித்துவிடும். கை தவறித் தட்டியது, உருட்டிய உருட்டில் நிரந்தரமாகிவிடும்.

பூட்டிய படிவம் இதற்கு மாற்று. முதலில் வெறும் பார்வை, 'திருத்து' அழுத்தினால்தான் கட்டங்கள் திறக்கும். இதை எதிர்ப்பவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஒரே விசை இரண்டு நிலைகளில் இரண்டு விதமாக நடந்துகொண்டால் மனிதர்கள் எந்த நிலையில் இருக்கிறோம் என்பதை மறந்து தவறு செய்வார்கள் என்பது பழைய வாதம். வெட்டி ஒட்டும் வசதியை நமக்குத் தந்தவர்களில் ஒருவரான லாரி டெஸ்லர், இந்த நிலைகளே வேண்டாம் என்று வாழ்நாள் முழுக்க வாதாடினார். தன் காரின் நம்பர் பலகையிலேயே 'நோ மோட்ஸ்' (நிலைகள் வேண்டாம்) என்று வைத்திருந்தார். நிறுவன நிர்வாகத்துக்கான ஓடூ மென்பொருளும் அந்தப் பக்கம் சாய்ந்தது. 15-ஆம் பதிப்பு வரை அதில் 'திருத்து' பொத்தான் இருந்தது. 2022-இல் வந்த 16-ஆம் பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள். படிவம் எப்போதும் திறந்திருக்கும், பதிவை விட்டு நகர்ந்தால் தானாகவே சேமிக்கும். கையால் சேமிக்கவும் கைவிடவும் மேலே சின்னக் குறிகள் மட்டும் உண்டு.

வாடிக்கையாளர் விவரங்களை வைக்கும் சேல்ஸ்ஃபோர்ஸ் மென்பொருள் நடுவில் நிற்கிறது. பதிவு பூட்டியே தெரியும், ஒவ்வொரு கட்டத்தின் ஓரத்திலும் ஒரு பென்சில் குறி இருக்கும். அதைத் தொட்டால் அந்தப் பகுதி திருத்தும் நிலைக்கு வரும், கீழே 'சேமி', 'ரத்து' இரண்டும் ஒட்டிக்கொண்டு நிற்கும். எந்தக் கட்டத்தைத் திருத்த வந்தாரோ அங்கேயே கர்சர் போய் நிற்பதால், 'திருத்து' அழுத்திவிட்டு மறுபடி அந்தக் கட்டத்தைத் தேடும் தொல்லை இல்லை. மூன்றில் எனக்குப் பிடித்தது இதுதான்.

டெஸ்லரின் வாதம் எழுதும் கருவிகளுக்கு முழுக்கப் பொருந்தும் என்று நினைக்கிறேன். ஆவணத்தைத் திறப்பவர் எழுதத்தான் திறக்கிறார். உறுப்பினர் பதிவையோ நோயாளி பதிவையோ பத்து பேர் பார்த்தால் ஒருவர் திருத்துவார். பார்ப்பவர்கள் கூட்டம் பெரிது என்றால் பூட்டுங்கள். நாள் முழுக்க திருத்துவதே வேலையாக உள்ள ஒருவருக்கு ஒவ்வொரு பதிவிலும் ஒரு கூடுதல் க்ளிக் வைப்பது கொடுமை, அவருக்குத் திறந்தே கொடுங்கள். புதுப் பதிவை எப்போதும் திறந்த நிலையில்தான் காட்ட வேண்டும். காலியான கட்டத்தில் கெடுவதற்கு ஒன்றுமில்லை.

பூட்டுகிற விதத்திலும் கவனம் தேவை. வலைப்பக்கங்களை எழுதும் மொழியான எச்.டி.எம்.எல்.லில் ஒரு கட்டத்தை 'டிஸேபிள்ட்' செய்தால் கர்சர் அதற்குள் போகாது, எழுத்து மங்கிவிடும், படிவத்தை அனுப்பும்போது அந்த மதிப்பு போகவே போகாது. 'ரீட்ஒன்லி' செய்தால் டேப் விசையால் உள்ளே போகலாம், தேர்ந்தெடுத்து நகலெடுக்கலாம், மதிப்பும் சேர்ந்து போகும். ஆனால் தேர்வுப் பட்டியலுக்கும் டிக் பெட்டிக்கும் ரீட்ஒன்லி செல்லாது. அதனால் பார்க்கும் நிலையில் கட்டமே இல்லாமல் வெறும் எழுத்தாகக் காட்டிவிடுவது மேல். சாம்பல் நிறப் பெட்டிகளின் வரிசையைப் படிப்பது கண்ணுக்கு வேதனை. ஆக்சஸில் திருத்த அனுமதிக்கும் 'அலவ் எடிட்ஸ்' பண்பை அணைத்துப் பூட்டுபவர்கள் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். படிவத்தின் தலையில் வைத்த தேடல் பெட்டியும் அதோடு சேர்ந்து பூட்டிக்கொள்ளும். கட்டங்களைத் தனித்தனியாகப் பூட்டினால் இது வராது.

தானாகச் சேமிப்பதும் பொத்தான் அழுத்துவதும்

கூகுள் டாக்ஸில் சேமி பொத்தானே இல்லை, யாருக்கும் அது குறையாகத் தெரிவதில்லை. பாதி எழுதிய பத்தியால் எவருக்கும் நஷ்டம் வராது. பாதி திருத்திய பதிவால் வரும்.

கிடங்கு விட்டுக் கிடங்கு சரக்கு மாற்றும் படிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கிருந்து, எங்கே, என்ன பொருள், எத்தனை. கட்டத்துக்குக் கட்டம் தானாகச் சேமித்தால், பொருளை மாற்றிவிட்டு அளவை இன்னும் மாற்றாத அந்தச் சில விநாடிகளில் தரவுத்தளம் நடக்காத ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கும். அந்த நேரம் பார்த்து யாராவது அறிக்கை எடுத்தால் அதுவும் உள்ளே போய்விடும்.

சரிபார்ப்பு விதிகளும் இதில் மாட்டும். தொடக்கத் தேதி முடிவுத் தேதிக்கு முன்னால் இருக்க வேண்டும் என்பது விதி. இரண்டையும் ஒரு மாதம் தள்ளிப்போட வேண்டும். தொடக்கத்தை முதலில் மாற்றினால் அது முடிவைத் தாண்டிவிடும், படிவம் மறுக்கும். சரி, முடிவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று அவர் கற்றுக்கொள்கிறார். அடுத்த வாரம் ஒரு மாதம் முன்னே இழுக்க வேண்டியிருந்தால் அதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும். செய்த தவறு என்ன என்றே அவருக்குப் புரியாது.

ஆகவே கட்டம் தனியாக நின்று பொருள் தருகிறதா என்று பாருங்கள். அறிவிப்பு வேண்டும், வேண்டாம் என்ற டிக், குறிப்பு எழுதும் இடம், வேலை முடிந்ததா என்ற நிலை, இவையெல்லாம் தானாகச் சேமித்தால் நல்லது. நாலு கட்டம் சேர்ந்தால்தான் ஒரு பொருள் என்றால், முடிந்துவிட்டது என்று சொல்ல வேண்டியவர் என்ட்ரி போடுகிறவர்தான். அதற்கு ஒரு பொத்தான் வேண்டும்.

ஆக்சஸ் இரண்டுக்கும் நடுவில் போகிறது. கட்டம் கட்டமாக இல்லாமல், பதிவை விட்டு நகரும்போது மொத்தமாகச் சேமிக்கும். சேமிக்காத மாற்றம் இருந்தால் இடது ஓரத்தில் பென்சில் படம் தெரியும். எஸ்கேப் ஒருமுறை அழுத்தினால் அந்தக் கட்டம் பழையபடி ஆகும், மறுமுறை அழுத்தினால் பதிவு முழுதும். ஷிஃப்ட், என்டர் சேர்த்து அழுத்தினால் உடனே சேமிக்கலாம். சேமிப்பதற்குச் சற்று முன் வரும் 'பிஃபோர் அப்டேட்' நிகழ்வில் நாம் சோதித்துப் பார்த்து சேமிப்பையே தடுக்கலாம். ஏற்பாடு அருமைதான். ஆனால் ஆண்டுக்கணக்கில் ஆக்சஸில் வேலை செய்தும் அந்தப் பென்சிலை ஒருநாளும் கவனிக்காதவர்களைப் பார்த்திருக்கிறேன். இன்னொரு தரவுத்தள மென்பொருளான ஃபைல்மேக்கரும் ஏறக்குறைய இதே ரகம். கட்டங்களுக்கு வெளியே க்ளிக் செய்தாலே பதிவு உறுதியாகிவிடும். கேட்டுவிட்டுச் சேமிக்கும்படி லேஅவுட் அமைப்பில் மாற்றிக்கொள்ளலாம்.

எதிர்முனையில், ஆரக்கிள் தரவுத்தளத்துக்குப் படிவம் செய்யும் கருவியான ஆரக்கிள் ஃபார்ம்ஸ். எஃப்10 அழுத்தினால்தான் சேமிக்கும். அழுத்தியதும் திரையின் அடியில், பரிவர்த்தனை முடிந்தது, இத்தனை பதிவுகள் சேமிக்கப்பட்டன என்று எண்ணிக்கையோடு ஒரு வரி வரும். பார்ப்பதற்குப் பழசு. ஆனால் எண்ணிக்கை சொல்கிற அந்த ஒரு வரிக்கு நான் பெரிய மரியாதை வைத்திருக்கிறேன். இன்றைய பல படிவங்களில் ஓரத்தில் பச்சையாக ஏதோ மின்னி இரண்டு விநாடியில் மறைகிறது. என்ட்ரி போட வேண்டிய காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அது தெரியவே தெரியாது. ஒரு படிவத்தில் நாங்கள் அந்த மின்னலை எடுத்துவிட்டு, சேமி பொத்தானுக்குப் பக்கத்திலேயே பதிவு எண்ணையும் சேமித்த நேரத்தையும் அடுத்த சேமிப்பு வரை நிற்கும்படி வைத்தோம். போய்த் திரும்பி வந்து பார்க்கும் பழக்கம் சில நாட்களில் குறைந்தது.

இப்போது நான் செய்வது இது: வரைவைப் படிவமே சில விநாடிக்கு ஒருமுறை தனியிடத்தில் சேமித்துக்கொள்ளட்டும், பதிவை மனிதர் சேமிக்கட்டும். மின்சாரம் போனாலும் வேலை போகாது, பாதி வேலை பட்டியலிலும் ஏறாது.

பொத்தானைப் பற்றிக் கொஞ்சம்

எல்லாம் சரியாக நிரப்பும் வரை 'சேமி'யை மங்கலாக வைப்பது ஒரு கட்சி, எப்போதும் உயிரோடு வைத்து அழுத்தியபின் குறை சொல்வது இன்னொரு கட்சி. நான் இரண்டாவது. மங்கிய பொத்தான் ஏன் மங்கியிருக்கிறது என்று வாய் திறந்து சொல்லாது. மாற்றமே இல்லாதபோது மட்டும் மங்கலாக இருக்கலாம், அங்கே அது ஒரு செய்தி.

என்டர் விசையில் பார்கோடு ஸ்கேனர் பலரை மாட்டிவிடும். கணினிக்கு அது ஒரு விசைப்பலகை. குறியீட்டைப் படித்ததும் பெரும்பாலும் கூடவே ஒரு என்டரையும் அனுப்பும். வலைப் படிவத்தில் என்டர் என்றால் 'அனுப்பு'. பொருளை ஸ்கேன் செய்த மாத்திரத்தில் பாதிப் படிவம் போய்விடும். ஸ்கேன் செய்யும் கட்டத்தில் என்டர் அடுத்த கட்டத்துக்கு மட்டும் போகும்படி செய்யுங்கள். அப்படியே, 'சேமி'யை இரட்டைக் க்ளிக் செய்பவருக்கு இரண்டு பதிவு உருவாகாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு பேர் ஒரே பதிவில்

ஒருவர் திறந்ததும் மற்றவர்களுக்குப் பூட்டிவிடுவது ஒரு வழி. திறந்தவர் அப்படியே சாப்பிடப் போய்விட்டால் அவர் வரும்வரை எல்லோரும் காத்திருக்க வேண்டும். யாரையும் தடுக்காமல், சேமிக்கும்போது இடையில் மாறியிருக்கிறதா என்று பார்ப்பது இன்னொரு வழி. வலைப் படிவங்களுக்கு இதுதான் ஒத்துவரும். பதிவோடு ஒரு பதிப்பு எண்ணை வைத்து, சேமிக்கும்போது ஒப்பிட்டால் போதும். உலாவியும் சர்வரும் பேசிக்கொள்ளும் நெறிமுறையான எச்.டி.டி.பி.யில் இதற்கென்றே 'இஃப்-மேட்ச்' தலைப்பும் 412 என்ற மறுப்புக் குறியும் இருக்கின்றன. எதுவுமே செய்யாமல் விட்டால் கடைசியாகச் சேமித்தவர் ஜெயிப்பார், முன்னவரின் வேலை சத்தமில்லாமல் அழியும்.

மாறியிருக்கிறது என்று கண்டுபிடித்தபின் திரையில் என்ன காட்டுகிறோம்? ஆக்சஸ் மூன்று பொத்தான் காட்டும்: என்னுடையதைச் சேமி, கிளிப்போர்டுக்கு நகலெடு, என் மாற்றத்தைக் கைவிடு. மற்றவர் என்ன மாற்றினார் என்பதே தெரியாதவரிடம் இந்த மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடு என்பது அநியாயம். மாறிய கட்டங்களை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒருவர் முகவரியையும் இன்னொருவர் தொலைபேசி எண்ணையும் மாற்றியிருந்தால் மோதலே இல்லை, கேட்காமலே சேர்த்துவிடலாம்.

வெளியேறும்போது

'நிச்சயமாகவா?' என்று கேட்கும் பெட்டி, பத்தாவது முறை படிக்கப்படுவதில்லை. கை தானாக 'ஆம்' அழுத்தும். வலை அணுகல் வழிகாட்டியான டபிள்யூ.சி.ஏ.ஜி., பணம், சட்டம், சேமித்த தரவு சார்ந்த படிவங்களுக்கு மூன்று வழி தருகிறது: செய்ததைத் திரும்பப் பெற முடிய வேண்டும், அல்லது பிழை பார்த்துத் திருத்த வாய்ப்பு வேண்டும், அல்லது அனுப்பும் முன் சரிபார்த்து உறுதி செய்ய வேண்டும். முடிந்த இடத்திலெல்லாம் முதல் வழியைத்தான் நான் எடுப்பேன். பழைய மதிப்பு, புதிய மதிப்பு, யார், எப்போது என்ற நான்கையும் ஒரு வரலாற்று டேபிளில் எழுதி வைத்தால் போதும். அந்த உறுப்பினரின் பெயருக்காகக் காகிதக் கோப்பைக் குடைந்திருக்க வேண்டியதில்லை.

உலாவித் தாவலை மூடும்போது எச்சரிக்கும் பெட்டியையும் அதிகம் நம்ப வேண்டாம். அதில் நம் சொந்த வாசகத்தைக் காட்டும் வசதியைக் குரோம் 2016-இல், 51-ஆம் பதிப்போடு எடுத்துவிட்டது. பொதுவான ஒரு வாக்கியம்தான் வரும், எந்தப் பதிவு, எந்தக் கட்டம் என்று சொல்ல முடியாது. வரைவு இருந்தால் அந்தப் பெட்டியின் அவசியமே குறையும். மூடிவிட்டுப் போகட்டும். அடுத்த முறை அதே பதிவைத் திறந்ததும் மேலே ஒரு வரி: 'நேற்று 4.10-க்கு நீங்கள் சேமிக்காமல் விட்ட மாற்றங்கள் 3 உள்ளன.' பக்கத்தில் 'தொடர்', 'நீக்கு'. கீழே அந்த மூன்று கட்டங்களும், பழைய மதிப்பும் புதிய மதிப்புமாக.