டிசம்பர் 25: சூரிய விழாவா, நாள் கணக்கா?

கிறிஸ்துமஸ் ஏன் டிசம்பர் 25-இல் வருகிறது? பலரும் சொல்வது சூரிய விழாவை. பேரரசர் அவுரேலியன் 274-இல் ரோமில் சூரியனுக்குக் கோயில் எழுப்பினார், அந்த வழிபாட்டு நாளைத் திருச்சபை தனதாக்கிக்கொண்டது என்பார்கள். 354-ஆம் ஆண்டு ரோமானிய நாட்காட்டித் தொகுப்பைப் பாருங்கள்: அந்தத் தேதியில் ‘வெல்லப்படாதவரின் பிறந்தநாள்’ (வெல்லப்படாதவர் என்பது சூரியக் கடவுளின் பட்டம்), கூடவே 30 தேர்ப் பந்தயங்கள். அதே தொகுப்பின் வேறொரு பட்டியலில், அதே நாளில் கிறிஸ்து பெத்லகேமில் பிறந்தார் என்று இருக்கிறது!

சரி, நாள் கணக்கு என்ன சொல்கிறது? இயேசு இறந்ததும் கருவானதும் மார்ச் 25 என்று மேற்கில் கணித்தார்கள். ஒன்பது மாதம் கூட்டினால் டிசம்பர் 25. கிழக்கிலோ ஏப்ரல் 6, அதனால் ஜனவரி 6. ஆர்மேனியத் திருச்சபை இன்றும் அந்த நாளில்தான் பிறப்பைக் கொண்டாடுகிறது. எனக்கு இந்தக் கணக்குதான் வலுவாகப் படுகிறது. இரண்டு தேதிகளுக்கும் இது ஒன்றே விடை தருகிறது.