டையசோ எமல்ஷன்: திருப்பூர் பிரிண்டிங் பட்டறையில் நெடுநாள் புழங்கிய பிறகு

ஸ்கிரீனின் மெஷ்ஷில் (வலைத்துணியில்) பூசும், வெளிச்சம் பட்டால் இறுகும் படலம்தான் எமல்ஷன். பனியன் பிரிண்டிங்கில் மூன்று வகை கிடைக்கிறது: பைக்ரோமேட் கலப்பது, டையசோ கலப்பது, டப்பாவைத் திறந்ததும் பூசும் எஸ்பிகியூ. மேஜையில் பிக்மென்ட் (தண்ணீர் கலந்த மை) அடிப்பவர்களுக்கு எங்கள் ஓட்டு, தண்ணீர் தாங்கும் ரக டையசோவுக்குத்தான்.

பைக்ரோமேட் மலிவு. ஆனால் கலந்துவிட்டால் இருட்டில் வைத்தாலும் தானாக இறுகும், சித்திரை வெக்கையில் இன்னும் வேகமாக. பூசிய ஸ்கிரீனை அன்றே எக்ஸ்போஸ் செய்தாக வேண்டும், அதாவது டிசைன் ஃபிலிமை வைத்து வெளிச்சம் காட்ட வேண்டும். அதோடு, அதில் உள்ள ஆறு இணைதிறக் குரோமியம் புற்றுநோய் உண்டாக்கும். கழுவிய தண்ணீரை விட நொய்யலைத் தவிர வேறெங்கே இடம்? மலிவென்று இதை இன்னும் வாங்குவதில் நியாயமே இல்லை.

டையசோவைக் கலந்தபின் ஓர் இரவு வைத்தால் குமிழி அடங்கும். வெளியில் சுமார் ஒரு மாதம் தாங்கும், ஃபிரிட்ஜில் இன்னும் கூடுதல். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் பூசி, துணியில் படும் பக்கம் கீழே பார்க்கப் படுக்கையாகக் காயவிடுங்க. சூடு 40 டிகிரியைத் தாண்டக்கூடாது.

ஐப்பசி மழையில் எல்லோரும் எமல்ஷனைத்தான் திட்டுவார்கள். பிழை ஈரத்தில் இருக்கிறது. தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே காய்ந்திருக்காது. ஈரப் படலம் எவ்வளவு வெளிச்சம் காட்டினாலும் முழுசாக இறுகாது. கழுவும்போது ஸ்குவீஜி (மை இழுக்கும் ரப்பர்) பக்கம் வழவழவென்று கரைந்து ஓடும். எக்ஸ்போஸ் நேரத்தைக் கூட்டுவது வீண். அறையைச் சாத்தி, விசிறியும் ஹீட்டரும் போட்டு, காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்வரை பொறுக்கணும்.

நேரத்தை ஊகத்தில் வைக்க வேண்டாம். 21 படி ஸ்டெப் ஸ்கேலை (படிப்படியாகக் கறுத்துக்கொண்டே போகும் ஃபிலிம் பட்டையை) ஒட்டி எக்ஸ்போஸ் செய்து கழுவினால் 7ஆம் படி வரை நிற்க வேண்டும். 5இல் நின்றால் நேரத்தை இரட்டியுங்க, 9 வரை நின்றால் பாதியாக்குங்க. விளக்கை இரட்டைத் தூரத்துக்குத் தள்ளினால் நேரம் நாலு மடங்கு. மெட்டல் ஹாலைடு விளக்கு பழசானால் கண்ணுக்கு அதே பிரகாசம்தான், புற ஊதா மட்டும் குறைந்திருக்கும். ஸ்கேல்தான் அதைக் காட்டிக்கொடுக்கும். வெள்ளை மெஷ்ஷின் நூலில் வெளிச்சம் சிதறி ஹாஃப்டோன் புள்ளிகளை (நிழல் காட்டும் நுண்புள்ளிகளை) அடைக்கும். மஞ்சள் மெஷ் அதைத் தடுக்கும், நேரம் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கேட்கும்.

பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆடிக் காற்று வீசும்போது பின்ஹோல் (படலத்தில் ஊசித்துளை) பெருகும், புழுதிதான் காரணம். டீகிரீஸ் செய்த (எண்ணெய்ப்பசை போக்கிய) மெஷ்ஷையும் பாசிட்டிவ் (டிசைன் ஃபிலிம்) வைக்கும் கண்ணாடியையும் மூடி வையுங்க.

எஸ்பிகியூ சில நொடியில் இறுகிவிடும். நல்ல டைமர் இருந்தால் சுகம். வெயிலில் காட்டி எக்ஸ்போஸ் செய்யும் பட்டறைக்கு ஒத்துவராது, கொஞ்சம் பிசகினாலும் நுணுக்கக் கோடு அடைந்துவிடும்.

ஸ்கிரீனை உரிக்க, படலத்தைக் கரைக்கும் பெரியாடேட் தடவினால் காயவிடாமல் தண்ணீர் அடியுங்க; காய்ந்தால் படலம் மெஷ்ஷோடு பூட்டிக்கொள்ளும். படலத்தை மேலும் இறுக்கும் ஹார்ட்னர் பூசியதும் பெரும்பாலும் உரியாது. ரிப்பீட் ஆர்டர் உறுதியான டிசைனுக்கு மட்டும் அதைப் பூசினால் போதும்.