நைரோபி குடிசைப் பகுதிக்கு என்ன தேவைன்னு யார் கணக்கெடுக்கணும்? சர்வே, மேப், அங்க குடியிருக்கிறவங்க - ஒரு ஒப்பீடு

ஆப்பிரிக்க நகரங்கள்ல வறுமையக் குறைக்கிறதப் பத்திப் பேச ஆரம்பிச்சாலே எல்லாரும் நேரா நிதி எவ்ளோ, திட்டம் என்னன்னு போயிடுறாங்க, ஆனா எந்தச் சந்துல தண்ணி இல்ல, எந்தப் பக்கம் கக்கூஸ் இல்லன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறாங்களோ அதுலயே பாதி விஷயம் முடிவாயிடுது. கென்யா தலைநகர் நைரோபிய எடுத்துக்கோங்க, 2009 சென்சஸ்ல 31 லட்சம் பேர், 2019ல கிட்டத்தட்ட 44 லட்சம். இந்த வேகத்துல வளர்ற ஊருக்குப் பத்து வருஷத்துக்கு ஒருக்கா எடுக்கிற சென்சஸ் மட்டும் போதாது. அதத் தாண்டி அங்க மூணு வழி ஓடிட்டிருக்கு.

மொதல்ல சாம்பிள் சர்வே. கொஞ்சம் குடும்பங்களத் தேர்ந்தெடுத்து, பயிற்சி எடுத்தவங்க போய்க் கேள்வி கேட்டு எழுதிட்டு வர்றது. இதக் குறைச்சு பேசுறவங்க நிறைய, ஆனா இது இல்லன்னா ஒரு பெரிய உண்மை வெளியவே வந்திருக்காது. நைரோபில இருக்கிற ஆப்பிரிக்க மக்கள்தொகை மற்றும் சுகாதார ஆய்வு மையம் 2000ல குடிசைப் பகுதிகள மட்டும் தனியா சர்வே எடுத்துச்சு. அஞ்சு வயசு ஆகுறதுக்குள்ள இறந்துபோற குழந்தைங்க ஆயிரத்துக்கு 151னு வந்துச்சு. அதுக்கு முந்தின 1998 தேசிய சர்வேல நைரோபி மொத்தத்துக்கும் 62, கிராமங்களுக்கு 113. அதாவது டவுன்ல இருந்தா ஆஸ்பத்திரி பக்கம், புள்ளைங்க நல்லா இருக்கும்னு நம்பினதெல்லாம் நகரத்தோட சராசரியப் பார்த்துதான், அந்த சராசரிக்குள்ள கிராமத்த விட மோசமா ஒரு பகுதி ஒளிஞ்சு கெடந்திருக்கு. இந்த மாதிரி கணக்க பக்கத்து வீட்டுக்காரங்க சேர்ந்து எடுத்துட முடியாது, அதுக்கு முறையான ஆய்வுதான் வேணும். சர்வேயோட குறை வேற இடத்துல இருக்கு. பழைய சென்சஸ் பட்டியல வச்சு சாம்பிள் எடுத்தா நடுவுல புதுசா மொளச்ச குடியிருப்பு வுட்டுப்போகும், அப்புறம் பிரச்சனை எவ்ளோ பெருசுன்னு சொல்லுமே தவிர பைப்ப எந்தச் சந்துல போடணும்னு அதால சொல்ல முடியாது.

அந்த எடத்த நிரப்புறது மேப். கிபேரா நைரோபில அவ்ளோ பேர்போன குடிசைப் பகுதி, ஆனா 2009 வரைக்கும் பொதுவுல கிடைக்கிற மேப்ல வெறும் வெள்ளையாத்தான் கெடந்துச்சு. அந்த வருஷம் மேப் கிபேராங்கிற முயற்சில அந்த ஏரியா இளைஞர்களே ஜிபிஎஸ் கருவியோட நடந்து போய் தண்ணிக் குழாய், கழிப்பறை, கிளினிக், ஸ்கூல் எல்லாத்தையும் யார் வேணா திருத்தக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்ங்கிற இலவச இணைய மேப்ல ஏத்துனாங்க. தான்சானியாவோட தார் எஸ் சலாம் நகரத்துல ராமணி ஹூரியாங்கிற திட்டம் இதையே இன்னும் பெருசா பண்ணுச்சு, காலேஜ் பசங்களும் ஊர் ஜனங்களும் சேர்ந்து வடிகாலையும் வெள்ளம் ஏறுற எடத்தையும் குறிச்சாங்க. வெள்ளம் வர்ற ஊருக்கு இதவிட நல்ல வழி எனக்குத் தெரியல, எந்த வாய்க்கால் அடைச்சிருக்குன்னு தெரியணும்ல. ஆனா மேப்புல தகரக் கூரை தெரியும், அந்தக் கூரைக்குக் கீழ இருக்கிறவங்க வாடகை எவ்ளோ தர்றாங்க, யாருக்குத் தர்றாங்கன்னு தெரியாது.

மூணாவதுதான் என் மனசுக்குப் புடிச்சது, அங்க வாழ்றவங்களே வீடு வீடாப் போய் கணக்கெடுக்கிறது. இதுக்கு ஒரு வேர் நம்ம பக்கமும் இருக்கு. 1985ல மும்பை நடைபாதைல வாழ்ந்தவங்களக் கணக்கெடுத்தாங்க, அந்த வழிய உலகம் பூரா கொண்டுபோன குடிசைவாசிகள் கூட்டமைப்புக்குத் தலைவரா இருந்தவர் கோலார் தங்கவயல்ல பொறந்த ஜோக்கின் அற்புதம். கென்யால முவுங்கானோ வா வனவிஜிஜின்னு குடிசைவாசிகளோட அமைப்பு அதே வேலைய செய்யுது. அவங்களும் சில பல்கலைக்கழகங்களும் நைரோபியோட இன்னொரு குடிசைப் பகுதியான முகுருல எடுத்த தகவல வச்சுதான் 2017ல நைரோபி கவுன்ட்டி அரசு அந்தப் பகுதிய சிறப்புத் திட்டப் பகுதின்னு, அதாவது தனியாத் திட்டம் போட வேண்டிய பகுதின்னு அறிவிச்சுச்சு. சுமார் 1 லட்சம் குடும்பம், பெரும்பாலும் ஒத்த ரூம்ல வாடகைக்கு இருக்கிறவங்க. பக்கத்துப் பக்கத்து வீடுகள சின்னச் சின்னக் குழுவாச் சேர்த்து, அங்கேருந்து மேல மேல பேசி, தண்ணி, சுகாதாரம், நிலம்னு துறைவாரியா 40க்கு மேல அமைப்புகள உக்கார வச்சுத் திட்டம் போட்டாங்க. ஏழைங்கதான் தண்ணிக்கும் கரண்ட்டுக்கும் வசதியானவங்கள விடக் கூட குடுக்கிறாங்கன்னு கணக்கோட காட்டினது இங்கதான். 2020க்கு அப்புறம் ரோடும் சாக்கடைக் குழாயும் நெஜமாவே வர ஆரம்பிச்சுது, வெறும் ரிப்போர்ட்டோட நிக்கல.

இதுலயும் சிக்கல் இல்லாம இல்ல. வெளிய உக்காந்திருக்கிற வீட்டுக்காரனுக்கும் குடியிருக்கிறவனுக்கும் தேவை ஒண்ணு கெடையாது, யார் குரல் பெருசோ அவங்க தேவைதான் பட்டியல்ல மேல வரும். எண்ணிக்கைய ஊதிக் காட்டுற ஆபத்தும் உண்டு, கிபேரால 10 லட்சம் பேர்னு எத்தனையோ வருஷம் சொல்லிட்டிருந்தாங்க, 2009 சென்சஸ்ல வந்தது 1,70,070. (சென்சஸ்லயும் வுட்டுப்போனவங்க இருப்பாங்க, ஆனா இவ்ளோ பெரிய வித்தியாசம் அதனால மட்டும் வராது.) எல்லாத்துக்கும் மேல, 2021 கடைசில முகுரு க்வா ஞெங்கால ரோடு போடுறதுக்குன்னு ஆயிரக்கணக்கான குடும்பங்களோட வீட்ட இடிச்சாங்க, இத்தனை கணக்கெடுப்பும் திட்டமும் இருந்த அதே முகுருலதான். நெலம் யாருதுங்கிற கேள்விக்குப் பதில் இல்லாம மத்த தேவையெல்லாம் அளந்து வச்சு என்ன பிரயோஜனம்னு அந்த ஜனங்க கேட்டா யாராலயும் பதில் சொல்ல முடியாது.

அப்படியும் ஒரு மாநகராட்சிகிட்ட ஒண்ணுக்குத்தான் காசு இருக்குன்னா நான் மூணாவதத்தான் சொல்லுவேன், ஏன்னா சர்வே எடுத்தவங்க போயிடுவாங்க, மேப் போட்டவங்க அடுத்த ஊருக்குப் போயிடலாம், வீடு வீடாக் கணக்கெடுத்தவங்க அங்கயேதான் இருப்பாங்க, அடுத்த மாசமும் ஆபீஸ் வாசல்ல வந்து நிப்பாங்க. ரெண்டுக்குக் காசு இருந்தா அந்தக் கணக்க மேப்புல ஏத்தி எல்லாரும் பார்க்கிற மாதிரி வைக்கட்டும், ஆனா ஆளுங்க பேரும் வாடகை விவரமும் அதுல வேண்டாம், அது இடிக்க வர்றவன் கையில போய்ச் சேரக்கூடாது. சாம்பிள் சர்வேய தேசிய அரசாங்கம் பாத்துக்கட்டும், ஒரே ஒரு நிபந்தனையோட: குடிசைப் பகுதி கணக்க நகர சராசரிக்குள்ள கலக்காம தனியா வெளியிடணும்.