சிங்கப்பூர் பேப்பரா, கோலாலம்பூர் பேப்பரா? சந்தா எதுக்குக் கட்டலாம்

மச்சான் சிங்கப்பூர்ல, சித்தப்பா குடும்பம் கோலாலம்பூர்ல. சேலம், ஆத்தூர் பக்கமெல்லாம் இப்படி ரெண்டு ஊர்லயும் ஆள் இருக்கற வீடுங்க நிறைய உண்டு. அங்க என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுக்கணும், ஆனா வருஷ சந்தா ஒண்ணுதான் கட்டுப்படியாகும், சிங்கப்பூர் பேப்பர் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸா, கோலாலம்பூர் இணையப் பேப்பர் மலேசியாகினியான்னு யோசிச்சு யோசிச்சு கடைசில மலேசியாகினிக்குத்தான் கட்டினேன். மச்சானுக்கு இன்னும் கோவம், "எங்கூர் பேப்பருக்கு என்ன கொறச்சல்"ங்கறார்.

கொறச்சல் ஒண்ணும் இல்ல மச்சான். ஆப், படம், எழுத்துப் பிழையில்லாத இங்கிலீஷ், இதுலெல்லாம் சிங்கப்பூர்தான் மேல. ரெண்டு ஊர்லயும் இனம், மதம்னு எழுதினா கேஸ் வரும், அதுவும் ஒண்ணுதான். அச்சுப் பேப்பருக்கு ரெண்டு ஊர்லயும் பர்மிட் வேணும். சிங்கப்பூர்ல அத வருஷா வருஷம் புதுப்பிக்கணும், மலேசியால 1984 சட்டத்துல இருந்த அந்த வருஷக் கணக்க 2012ல எடுத்துட்டாங்க, ஆனா ரத்து பண்ற அதிகாரம் அமைச்சர் கையிலதான் இருக்கு.

நான் பாத்தது ஒரே ஒரு விஷயம்தான். பேப்பர் யார் கையில இருக்கு, ஆசிரியர வேலையிலருந்து தூக்கற சாவி யார்கிட்ட இருக்கு, அவ்வளவுதான்.

நம்மூர்ல நியூஸ் எப்படிப் பாப்போம்? பழைய பஸ் ஸ்டாண்ட் டீக்கடைல சன் டிவில ஒரு சேதி ஓடுச்சுன்னா அடுத்து ஜெயால என்ன சொல்றான்னு மாத்திப் பாப்போம். எது எந்தக் கட்சி சேனல்னு சின்னப் பையனுக்கும் தெரியும், இவன் மறைக்கறத அவன் போடுவான், ரெண்டையும் கூட்டிக் கழிச்சு நாமளே ஒரு முடிவுக்கு வந்துக்குவோம். நல்ல பத்திரிகைத் தர்மம்னு சொல்ல மாட்டேன், ஆனா எதிர்ல ஒருத்தன் இருக்கான். சிங்கப்பூர்ல மாத்திப் பாக்க அந்த எதிராளிதான் இல்ல.

அங்க 1974ல ஒரு சட்டம் போட்டாங்க. பேப்பர் கம்பெனில சாதாரண பங்கு தனி, நிர்வாகப் பங்கு தனி. நிர்வாகப் பங்கு அரசாங்கம் ஒத்துக்கிட்ட ஆளுக்குத்தான் கிடைக்கும், இயக்குநரயோ ஊழியரயோ சேக்கறது நீக்கறதுன்னு ஓட்டு வந்தா அந்த ஒரு பங்குக்கு 200 ஓட்டு. சென்சார் ஆபீசரே தேவையில்ல பாருங்க, யார் ஆசிரியர்ங்கற இடத்துலயே வேலை முடிஞ்சுருது. எஸ்.ஆர். நாதன் நமக்கெல்லாம் பெருமையான பேருதான், தமிழர், 1999லருந்து 2011 வரைக்கும் ஜனாதிபதி. அவர் அதுக்கு முன்னாடி 1982லருந்து 1988 வரைக்கும் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் நிறுவனத்தோட நிர்வாகத் தலைவரா இருந்தார், அதுக்கும் முன்னாடி பாதுகாப்பு அமைச்சகத்துல உளவுப் பிரிவுக்கே தலைமை. ஆள் நல்லவர் கெட்டவர்ங்கறது பேச்சில்ல, பேப்பர் ஆபீசுக்கு எந்த வாசல் வழியா ஆள் வராங்கன்னு பாருங்க.

ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ நடத்தின எஸ்பிஎச் கம்பெனி 2021ல அந்தப் பத்திரிகை வியாபாரத்தத் தனியாப் பிரிச்சு லாபம் பாக்காத ஒரு டிரஸ்டா மாத்துச்சு, முதல் தலைவர் முன்னாள் அமைச்சர் காவ் பூன் வான். அடுத்த வருஷம் அரசாங்கம் அதுக்கு வருஷத்துக்கு 18 கோடி சிங்கப்பூர் டாலர் வரைக்கும் தரோம்னு சொல்லிருச்சு. இங்கிலீஷ், சீனம், மலாய், நம்ம தமிழ் முரசு எல்லாம் அந்த ஒரே குடையிலதான். டிவி, ரேடியோ, வசந்தம், ஒலி 96.8 எல்லாம் மீடியாகார்ப், அது தெமாசெக்ங்கற முதலீட்டுக் கம்பெனியோடது, தெமாசெக் அரசாங்கத்தோடது. வெளியில இருந்து எழுதினவங்களுக்கு 2019ல வந்த பொஃப்மா சட்டம், அமைச்சரே "இது பொய், திருத்தம் போடு"ன்னு உத்தரவு போடலாம். தி ஆன்லைன் சிட்டிசன்னு ஒரு தளம், பணம் எங்கிருந்து வருதுன்னு முழுசா சொல்லலன்னு 2021ல லைசன்ச நிறுத்திட்டாங்க.

கோலாலம்பூர் மட்டும் யோக்கியமான்னு மச்சான் கேப்பார். இல்லீங்க. இங்கிலீஷ் பேப்பர் தி ஸ்டார் சீனர்ங்க கட்சியான மசீசவோடது, மலாய் பேப்பர் உத்துசான் ரொம்ப வருஷம் மலாய்க்காரங்க கட்சியான அம்னோ கையில, 1924ல ஆரம்பிச்ச தமிழ் நேசன் பின்னாடி இந்தியர்ங்க கட்சியான மஇகாவுக்குத் தலைவரா இருந்த சாமிவேலு குடும்பத்துக்குப் போய் 2019 பிப்ரவரில மூடியே போச்சு. மூணு கட்சியும் ஒரே ஆளும் கூட்டணிங்கறதால அப்ப அங்கயும் எதிராளி கிடையாது. 1987 அக்டோபர்ல ஆபரேஷன் லாலாங்னு நூறு பேருக்கு மேல புடிச்சுப் போட்டப்ப ஸ்டாரயே நிறுத்தி வெச்சாங்க, சொந்தக் கூட்டணிக் கட்சி பேப்பர்ங்க அது!

மாறினது இன்டர்நெட்ல. 1990கள்ல வெளிநாட்டு ஐடி கம்பெனிகள இழுக்க மகாதீர் அரசாங்கம் இணையத்த சென்சார் பண்ண மாட்டோம்னு வாக்கு குடுத்துச்சு, அந்தச் சந்துல 1999ல ஸ்டீவன் கானும் பிரேமேஷ் சந்திரனும் மலேசியாகினிய ஆரம்பிச்சாங்க, இணையத்துக்கு அந்த பர்மிட்டும் தேவைப்படல. கட்சி ஓனர் கிடையாது, வாசகர் சந்தாதான் முக்கியமான பணம். 2021ல வாசகர்ங்க எழுதின கமெண்ட்டுக்காக நீதிமன்ற அவமதிப்புன்னு 5 லட்சம் ரிங்கிட் அபராதம் போட்டாங்க, படிக்கறவங்களே சில மணி நேரத்துல அந்தப் பணத்தச் சேத்துக் குடுத்துட்டாங்க. 2015ல 1எம்டிபிங்கற அரசாங்க முதலீட்டு நிதில நடந்த ஊழல எழுதின தி எட்ஜ்ங்கற வியாபாரப் பேப்பர மூணு மாசம் நிறுத்தினாங்க, அவங்க கோர்ட்டுக்குப் போனாங்க, உயர்நீதிமன்றம் அந்த உத்தரவ ரத்து பண்ணுச்சு. அடிக்கறான், ஆனா திருப்பி அடிக்க ஆள் இருக்கு. என் சந்தா அங்க போனதுக்கு இதுதான் காரணம்.

ஒரு பெரிய ஆனால் இருக்கு. மலேசியால ஆட்சி மாறினா எல்லாம் மாறுது. ஆர்எஸ்எஃப்ங்கற அமைப்பு வருஷா வருஷம் போடற பத்திரிகைச் சுதந்திரப் பட்டியல்ல மலேசியா 2023ல 73, 2024ல 107, 2025ல 88ன்னு ஏறி இறங்குது, சிங்கப்பூர் அதே மூணு வருஷமும் 129, 126, 123ன்னு பெருசா அசையவே இல்ல. (இந்தியா 2025ல 151. சேலத்துல உக்காந்து ரொம்பப் பேசக் கூடாதுதான்.) சென்சார் பண்ண மாட்டோம்ங்கற வாக்கையும் 2015லயே மீறி சரவாக் ரிப்போர்ட் தளத்த முடக்கினாங்க. அப்புறம் எனக்கு மலாய் வராது, அதனால நான் சொல்றது இங்கிலீஷ் பக்கத்த மட்டும் வெச்சுத்தான், மலாய் பேப்பர் படிக்கறவங்க வேற மாதிரி சொல்லலாம்.

தமிழ்ல மட்டும்தான் படிப்பேன்னா என் கணக்கு அப்படியே தலகீழாயிரும். 1935ல கோ. சாரங்கபாணி ஆரம்பிச்ச தமிழ் முரசுக்குப் பின்னாடி இன்னைக்குப் பெரிய பணம் நிக்குது, அங்க தமிழ் நேசன் காலி. அதுலயும் மச்சான் மாதிரி வொர்க் பர்மிட்ல இருக்கறவங்களுக்கு மனிதவள அமைச்சு என்ன விதி மாத்துச்சு, சம்பளப் பாக்கிக்கு எங்க போகணும்ங்கறதெல்லாம் அரசாங்கம் சொன்னத அப்படியே போடற பேப்பர்தான் வேணும், அதுக்கு முரசே போதும். அந்த அமைச்சுமேல யாராச்சும் புகார் சொன்னா என்ன ஆச்சுன்னு பாக்கணும்னாதான் நான் வேற எங்கயாவது தேடறேன்.