சாட்விக்கைக் கேட்கப் பழைய தட்டே மேல்

அமெரிக்க ஆர்க்கெஸ்ட்ரா இசை என்றால் பலருக்கும் கெர்ஷ்வினில் தொடங்கி கோப்லேண்டோடு முடிந்துவிடுகிறது. அவர்களுக்கு முந்தைய பாஸ்டன் இசையமைப்பாளர் தலைமுறையை, அதாவது பெயின், சாட்விக், ஃபுட், ஏமி பீச் ஆகியோரைச் சில ஆண்டுகளாகப் பழைய ஒலிப்பதிவுகளில் கேட்டுவருகிறேன். துல்லியமான டிஜிட்டல் பதிவுகளும் கிடைக்கின்றன. ஆனாலும் கை என்னவோ பழையதைத்தான் தேடிப்போகிறது.

முக்கியக் காரணம், ஜார்ஜ் சாட்விக்கின் ‘சிம்பொனிக் ஸ்கெட்சஸ்’. 1895 முதல் 1904 வரையில் எழுதப்பட்ட நான்கு பகுதிகள். ஹோவர்ட் ஹான்சன் 1956இல் ஈஸ்ட்மன்-ராச்செஸ்டர் ஆர்க்கெஸ்ட்ராவை நடத்தி மெர்குரி இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பதிவு செய்தார். வாத்தியத்துக்கு ஒரு மைக் வைத்துப் பிறகு கலந்து சரிக்கட்டும் வேலை மெர்குரியிடம் கிடையாது. ஸ்டீரியோவுக்கு மூன்றே மைக்குகள். அதனால் மேடையில் யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பதுகூடக் காதுக்குத் தெரிகிறது.

கடைசிப் பகுதியான ‘எ வேக்ரம் பாலட்’டைக் கவனித்துக் கேளுங்கள். சாட்விக் ரயிலில் போகும்போது பாதையோரம் தங்கியிருந்த நாடோடிகளைப் பார்த்ததில் பிறந்த இசை இது. தனியாகக் கிளம்பும் பாஸ் கிளாரினெட், கள்ளுக்கடையிலிருந்து வீடு திரும்புகிறவனைப் போலத் தள்ளாடித் தள்ளாடி வருகிறது. பிறகு திடீரென சைலோஃபோன் பாஹின் ஜி மைனர் ஃப்யூகை (ஒரே மெட்டைப் பல குரல்கள் துரத்திப் பிடிக்கும் இசைவடிவம்) எடுத்துக் கிண்டலடிக்கிறது! ஹான்சன் பதிவில் அந்த மரக்கட்டைச் சத்தம் எதிரொலி எதுவும் ஒட்டாமல் காய்ந்து விழுகிறது. பிந்தைய பதிவுகளில் மண்டபத்தின் முழக்கம் சேர்ந்துகொள்வதால் கிண்டல் மழுங்கிவிடுகிறது.

இந்தத் தலைமுறை ஓரங்கட்டப்பட்டதற்குச் சொல்லப்படும் காரணம், ‘ஜெர்மன் நகல்’ என்பது. ஜான் நோல்ஸ் பெயினின் முதல் சிம்பொனி விஷயத்தில் நானும் தலையாட்டுவேன். அவர் பெர்லினில் படித்தவர். 1876இல் அரங்கேறிய அந்தப் படைப்பில் பீத்தோவன் வரிக்கு வரி எட்டிப்பார்க்கிறார். (அதற்குப் பழைய பதிவைத் தேடி அலைய வேண்டாம். எண்பதுகளில் ஜூபின் மேத்தா நியூயார்க் பில்ஹார்மோனிக்கோடு செய்ததே போதும்.) சாட்விக்கும் லைப்சிக்கில் படித்தவர்தான். ஆனால் அவருடைய இரண்டாம் சிம்பொனியின் ஸ்கெர்ட்சோவில் (வேகமான, விளையாட்டான பகுதி) ஓபோ என்னும் குழல்வாத்தியம் வாசிப்பது ஐந்து சுரங்களைச் சுற்றிவரும் துள்ளல் மெட்டு. மோகனத்தில் ஊறிய காது சட்டென்று நிமிரும். அந்த சிம்பொனி அரங்கேறியது 1886இல். அமெரிக்கர்களுக்கு அவர்களுடைய இசையை அடையாளம் காட்டியவர் என்று புகழப்படும் செக் இசையமைப்பாளர் த்வோர்ஷாக் நியூயார்க்கில் வந்து இறங்கியதோ 1892இல்.

கார்ல் க்ரூகர் பதிவுகளைப் பற்றி எச்சரித்துவிட வேண்டும். டெட்ராய்ட் சிம்பொனியை நடத்தியவர். அமெரிக்க இசை மரபைக் காக்க 1958இல் ஒரு சங்கமே தொடங்கி, லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக்கை வைத்து வரிசையாகப் பதிவு செய்தார். ஏமி பீச்சின் ‘கேலிக்’ சிம்பொனியும் (1896) அதில் ஒன்று. ஒத்திகை போதவில்லை என்பது வயலின்கள் உச்சத்துக்கு ஏறும் இடங்களில் பளிச்சென்று தெரிகிறது. இருந்தாலும் இரண்டாம் பகுதியில் ஓபோவுக்கு வரும் ஐரிஷ் மெட்டுக்காக அதையும் பொறுத்துக்கொள்கிறேன். முழுமையாகக் கேட்க நடத்துநர் நீமே யார்வியின் பதிவே சரி.

இன்னும் பின்னால் போனால் நிமிடத்துக்கு 78 முறை சுழலும் தட்டுகள். ஆர்தர் ஃபுட்டின் ஈ மேஜர் தந்திவாத்திய சூட்டை (சிறு பகுதிகளின் தொகுப்பு) நடத்துநர் கூசெவிட்ஸ்கி பாஸ்டன் சிம்பொனியோடு 1940இல் பதிவு செய்தார். ஃபுட் 1937இலேயே காலமாகிவிட்டார். தட்டின் ஒரு பக்கத்துக்கு நாலு நிமிடம், அல்லது கொஞ்சம் கூடுதல். அங்கங்கே முறிவு வரத்தான் செய்யும். இணைய ஆவணக்காப்பகங்களில் ஒரே தட்டை வெவ்வேறு அளவு ஊசிகளால் ஓட்டிப் பதிந்து வைத்திருப்பார்கள். எல்லாவற்றையும் கேட்டுப்பார்த்து இரைச்சல் நீக்காததையே எடுங்கள். கரகரப்பைத் துடைக்கும்போது வயலினின் மினுமினுப்பும் சேர்ந்து போய்விடுகிறது. விரலால் தந்தியைச் சுண்டும் இரண்டாம் பகுதியில் இந்த வித்தியாசம் அப்பட்டமாகத் தெரியும்.

பாட்டுச் செயலிகளில் இவற்றைத் தேடுவது தனி வதை. நான் சந்தா கட்டும் செயலி ‘சிம்பொனிக் ஸ்கெட்சஸ்’ படைப்பின் நான்கு பகுதிகளையும் நான்கு பாடல்களாகப் பிரித்து, நடத்துநர் பெயரை விழுங்கி, வரிசையையும் கலைத்துவிடுகிறது. ஹான்சனின் பெயரையும் மெர்குரியையும் சேர்த்துத் தேடினால் கிடைக்கும். முதல் பகுதியான ‘ஜூபிலி’யைப் போடுமுன் ஒலியளவைத் தானாகச் சமன்செய்யும் வசதியை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் அந்த ஆரம்ப வெடிப்பு புஸ்ஸென்று போய்விடும்.