மாவுக் கையோடு கேட்க ஒரு கிறிஸ்துமஸ் ஆல்பம்

நீலகிரியின் கேத்திப் பள்ளத்தாக்கில் டிசம்பர் பிறந்துவிட்டால் எங்கள் வீட்டுக்கு ஒரே அறைதான். சாயங்காலம் 6 மணிக்கு மேல் மற்ற அறைகளில் உட்கார்ந்தால் கால்விரல் மரத்துப்போகும். விறகடுப்பு இருக்கும் சமையலறையில்தான் படிப்பு, சாப்பாடு, ஜெபம், பேச்சு எல்லாம். 74 வயது மாமியாரும் 7 வயது மகனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். அந்த அறையில் எந்தப் பாட்டு ஓடினாலும் வீடு முழுக்கக் கேட்டே ஆகவேண்டும். பிடிக்காதவர் எழுந்து போவதற்குக் கதகதப்பான இடம் வேறு கிடையாது.

எங்களிடம் இருந்த கிறிஸ்துமஸ் கேசட்டுகள் போன வருட மழையோடு போய்விட்டன. அலமாரியைத் திறந்து பார்த்தால் நாடாச் சுருளின் ஓரத்தில் கோதுமை மாவு தூவியதுபோல வெள்ளையாகப் பூஞ்சணம். ஒன்றைத் துடைத்துப் போட்டுப் பார்த்தோம். பாடகரின் குரல் தண்ணீருக்குள் இருந்து வருவதுபோலக் குழறியது, அப்புறம் நாடா சிக்கிக்கொண்டது. மலையில் வாழ்கிறவர்களுக்கு இது புதிதில்லை. செருப்பு, பெல்ட், புகைப்படம் எதையும் விட்டுவைக்காத ஈரம் இது.

சரி, புதிதாக வாங்கலாம் என்று பேச்சு எடுத்ததும் வீடு மூன்றாகப் பிரிந்தது. கணவருக்குப் போனி எம். சர்ச் பாடகர் குழுவான குயரில் பாடும் மகளுக்கு இங்கிலாந்தின் கிங்ஸ் கல்லூரிக் குயர். மாமியாருக்கு அமெரிக்கப் பாடகர் ஜிம் ரீவ்ஸ், வேறு யாரும் வேண்டாம். மூன்றையும் சிடியாக வாங்கி, ஒரு டிசம்பர் முழுக்க மாற்றி மாற்றி ஓடவிட்டோம். செல்போனிலேயே எல்லாம் கிடைக்கிறதே என்று கேட்கலாம். எங்கள் பக்கம் மூடுபனி இறங்கும் நேரத்தில் சிக்னல் நிலையாக இருப்பதில்லை. அதோடு, 'சைலண்ட் நைட்' முடிந்த அந்த நிசப்தத்தில் ஒரு விளம்பரம் கத்துவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

முதலில் போனி எம். அவர்களுடைய 'கிறிஸ்துமஸ் ஆல்பம்' 1981இல் வந்தது. ஃபிராங்க் ஃபாரியன் என்ற ஜெர்மானியத் தயாரிப்பாளர் உருவாக்கிய குழு அது. லிஸ் மிச்செலின் குரலைக் கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் குதிக்கும். எங்கள் ஊரில் கேரல் ரவுண்ட்ஸ் போகும் ஜீப்பில் இன்றைக்கும் இதுதான் ஓடுகிறது, அது நியாயமும்கூட. குளிரில் ஏற்ற இறக்கத்தில் நடந்து வீடு வீடாகப் போகிறவர்களுக்குக் கால் நகர ஒரு தாளம் வேண்டும். ஸ்டார் கட்டும் நாளிலும் மரம் ஜோடிக்கும் நாளிலும் எங்கள் வீட்டில் இதற்குத்தான் முதலிடம். அந்த இரண்டு நாளுக்கு மேல் இதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. உங்கள் எல்லோருக்கும் தெரிந்த பாட்டுகள்தான்.

கிங்ஸ் கல்லூரி வேறு வகை. கேம்பிரிட்ஜில் 1918இலிருந்து கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் நடக்கும் ஆராதனை அது. ஒன்பது வேத வாசிப்பு, நடுநடுவே பாட்டுகள். பிபிசி 1928இலிருந்து அதை ஒலிபரப்புகிறது. அங்கே மாலை 3 மணிக்குத் தொடங்கும்போது நமக்கு இரவு 8.30. ஒரு சிறுவன் துணை வாத்தியமே இல்லாமல் முதல் சரணத்தைத் தனியாகப் பாடித் தொடங்கிவைப்பான். முதன்முதலாகக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கியது. அழகில் மூன்றில் இதுதான் மேல் என்று மகள் சொன்னால் நான் மறுக்கமாட்டேன்.

ஆனாலும் நாங்கள் கடைசியில் ஜிம் ரீவ்ஸுக்குத்தான் வந்து சேர்ந்தோம். அதற்குக் காரணம் ஒன்றே ஒன்று: சத்தம். சத்தத்தைக் குறைத்து வைத்தாலும் பாட்டு முழுசாகக் காதில் விழுகிறதா, நடுவில் யாரும் எழுந்துபோய்க் கூட்டிக் குறைக்க வேண்டியிருக்கிறதா என்பதுதான்.

இது அற்ப விஷயமாகத் தோன்றலாம். டிசம்பர் நடுவில் எங்கள் சமையலறையை நினைத்துப் பாருங்கள். மேசையில் மைதா மாவு, தேங்காய்ப்பால், சர்க்கரை சேர்த்துப் பிசைந்த உருண்டை. ஆளுக்கு ஒரு புதுச் சீப்பு. சுண்டைக்காய் அளவு மாவைக் கிள்ளி, சீப்பின் பல்லில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தி உருட்டினால் வரி வரியாகக் கலகலா சுருண்டு விழும். இரண்டு மணி நேரத்துக்கு எட்டுக் கையும் மாவு. நான் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால். இந்த நிலையில் சிடி பிளேயரின் பட்டனை யார் தொடுவது?

கிங்ஸ் ஆல்பத்தைப் போட்ட அன்று நடந்தது இதுதான். அந்தச் சிறுவன் பாடத் தொடங்கினான். எண்ணெய் பொரியும் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. மகள் முழங்கையால் பட்டனைத் திருகினாள். இரண்டு சரணம் போனதும் ஆர்கனும் முழு சபையும் சேர்ந்து எழுந்ததே ஒரு முழக்கம், மாமியார் காதைப் பொத்திக்கொண்டார். மறுபடி முழங்கை. அடுத்த பாட்டு மறுபடி மெதுவாகத் தொடங்கியது. இது குயரின் குறையே இல்லை. அந்தக் கல்லூரியின் தேவாலயம் 289 அடி நீளம், உள்கூரை சுமார் 80 அடி உயரம். மெல்லிய குரல் எழும்பி, எதிரொலியோடு அந்த உயரத்தில் கரைவதுதான் அந்த இசையின் உயிர். பத்துக்குப் பன்னிரண்டு அறையில் குறைந்த சத்தத்தில் வைத்தால் அந்த எதிரொலி வெறும் ரீங்காரமாகிவிடுகிறது. போனி எம்முக்கு எதிர்த்திசையில் அதே கஷ்டம். தாளத்துக்காகவே செய்த பாட்டு. சத்தத்தைக் குறைத்தால் 'பேஸ்' என்ற கனத்த அடி ஒலி காணாமல் போய், டிக் டிக் என்ற ஓசை மட்டும் மிஞ்சுகிறது. கூட்டினால் பேச முடியாது. வருடத்தில் அந்த ஒரு மாதம்தான் நாங்கள் எல்லோரும் உட்கார்ந்து பேசுகிறோம்.

ஜிம் ரீவ்ஸின் 'ட்வெல்வ் சாங்ஸ் ஆஃப் கிறிஸ்துமஸ்' 1963இல் வந்தது. டெக்சாஸ்காரர். பாடகராகப் பெயர் எடுப்பதற்கு முன் வானொலி அறிவிப்பாளராக வேலை பார்த்தவர். ஆரம்பத்தில் அவரும் அமெரிக்க நாட்டுப்புற வகையான 'கன்ட்ரி' இசையின் மற்ற பாடகர்களைப் போல உரக்கத்தான் பாடினார். 1957இல் 'ஃபோர் வால்ஸ்' பாட்டைப் பதிவு செய்தபோது மைக்குக்கு மிக நெருக்கமாக வாயை வைத்துத் தணிந்த குரலில் பாடிப் பார்த்தார். அதன்பின் அதுவே அவருடைய பாணி ஆகிவிட்டது. உரக்கப் பாடாத குரலை உரக்க வைத்துக் கேட்கத் தேவையில்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் பேசுவதுபோலத்தான் இருக்கிறது. எண்ணெய்ச் சட்டிக்கு மேலாகவும் ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் காதில் விழுகிறது. அறிவிப்பாளராக இருந்தவரின் உச்சரிப்பு அது. முதல் பாட்டில் வைத்த சத்தத்தைப் பன்னிரண்டாம் பாட்டுவரை யாரும் தொடவேண்டியதில்லை.

ஒரே பாட்டை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் இன்னும் நன்றாகத் தெரியும். ஜெஸ்டர் ஹேர்ஸ்டன் எழுதிய 'மேரீஸ் பாய் சைல்ட்' இரண்டு ஆல்பத்திலும் இருக்கிறது. ஹாரி பெலஃபான்டே 1956இல் பாடிப் பிரபலமாக்கிய பாட்டு. போனி எம் அதோடு 'ஓ மை லார்ட்' என்று இன்னொரு பகுதியை ஒட்டி 1978இல் வெளியிட்டார்கள். அந்தக் கிறிஸ்துமஸுக்கு பிரிட்டனில் முதலிடம் அதற்குத்தான். அதைக் கேட்டால் பிறப்புச் செய்தியைத் தெருவில் கூவிக்கொண்டு ஓடுகிறார்கள். ஜிம் ரீவ்ஸ் அதையே தொட்டில் ஆட்டுகிற வேகத்தில் பாடுகிறார். கணவர் முதலாவதைத்தான் இன்னும் விரும்புகிறார். மகன் இரண்டாவது ஓடும்போது பாட்டியின் மடியில் சாய்ந்து தூங்கிவிட்டான், கையில் சீப்போடு.

மாமியாருக்கு இந்தக் குரலோடு உள்ள உறவு வேறு. அவர் பிறந்து வளர்ந்தது இலங்கையில் நுவரெலியா பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில். தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப இரு நாடுகளும் செய்த 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் கப்பலேறி வந்து நீலகிரியில் குடியேறிய குடும்பம். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் அடுத்த வீட்டு ரேடியோவில் இலங்கை வானொலியின் ஆங்கிலச் சேவை ஓடும்போது கேட்ட குரல் இது. "அர்த்தம் தெரியாதும்மா, ஆனா ஆறுதலா இருக்கும்" என்பார். எனக்கு அந்தப் பழைய நினைவு கிடையாது. எனக்கு ஜிம் ரீவ்ஸைப் பிடித்தது மாவுக் கையால்தான்.

இன்னொன்றும் கவனித்தேன். ஜிம் ரீவ்ஸ் ஆல்பத்தில் பத்தாவது பாட்டு முடிந்ததும், நம் சபைப் பாட்டுப் புத்தகமான பாமாலையில் 'பக்தரே வாரும்' என்று பாடுகிற அதே மெட்டு வரும். முதல் வாரமே மாமியார் அதன்மேல் தமிழில் பாடத் தொடங்கிவிட்டார். ஆங்கிலம் அடியில் ஓட, தமிழ் மேலே. ஸ்தாயியும் அடக்கமானது, வேகமும் அவசரப்படுத்தாதது, அதனால் வயதான தொண்டைக்கும் எட்டுகிறது. கிங்ஸ் பதிவில் அதே பாட்டின் கடைசிப் பகுதியில் சிறுவர்கள் மெட்டுக்கு மேலே தனியாக ஒரு உச்ச வரிசை பாடுகிறார்கள். அந்தக் குயரை முன்பு நடத்திய டேவிட் வில்காக்ஸ் அமைத்தது. கேட்க அற்புதம், நாம் கூடப் பாடப் போனால் பாதியில் வாய் மூடிக்கொள்ளவேண்டியதுதான். 'சி-எச்-ஆர்-ஐ-எஸ்-டி-எம்-ஏ-எஸ்' என்று எழுத்துக்கூட்டி, ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு பொருள் சொல்லும் பாட்டும் ஜிம் ரீவ்ஸ் ஆல்பத்தில் உண்டு. மகன் அதை வைத்தே இந்த வருட வாழ்த்து அட்டையில் பிழையில்லாமல் எழுதினான்.

குறைகள் இல்லாமல் இல்லை. மொத்தமே அரை மணி நேரம்தான். ஒரு தட்டுக் கலகலா முடிவதற்குள் ஆல்பம் முடிந்துவிடும், திரும்ப ஓடவிடவேண்டும். முதல் பாதியில் சான்டா, போல்கா என்று விளையாட்டுப் பாட்டுகள் அதிகம். ஜெபத்துக்கு முன்னால் கேட்க நினைப்பவர்கள் ஏழாவது பாட்டிலிருந்து வைக்கலாம். பின்னணிக் குரல்கள் சில இடங்களில் சர்க்கரை கூடிப்போன பாயசம்போல இருக்கும். இந்த ஆல்பம் வந்த அடுத்த வருடம், 1964 ஜூலை 31 அன்று, ஜிம் ரீவ்ஸ் தானே ஓட்டிச்சென்ற சிறு விமானம் விழுந்து 40 வயதில் இறந்துபோனார். அது தெரிந்தபின் கடைசிப் பாட்டைக் கேட்கும்போது எனக்கு மனசு கனக்கத்தான் செய்கிறது.

அமெரிக்கப் பாடகர் நாட் கிங் கோலின் ஆல்பத்தையும் சிலர் சொல்வார்கள். 1960இல் 'தி மேஜிக் ஆஃப் கிறிஸ்துமஸ்' என்று வந்து, 1963இல் 'தி கிறிஸ்துமஸ் சாங்' பாட்டைச் சேர்த்து அந்தப் பாட்டின் பெயரிலேயே மறுபடி வந்தது. அதுவும் தணிந்த குரல்தான். தங்கை வீட்டில் இரண்டே தடவை கேட்டிருக்கிறேன், அதுவும் விருந்துக் கூட்டத்துக்கு நடுவில். ஒரு டிசம்பர் முழுக்க எங்கள் அடுப்படியில் ஓடாத ஆல்பத்தைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்வது சரியாக இருக்காது. ஜிம் ரீவ்ஸுக்கு ஒரு போட்டி வரும் என்றால் அங்கிருந்துதான் வரும் என்று தோன்றுகிறது.

தமிழ் ஆல்பம் ஏன் இல்லை என்று குயரில் ஒரு அக்கா கேட்டார். தஞ்சாவூர்க் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகளும் பாமாலைகளும் எங்கள் வீட்டில் சிடியில் ஓடுவதில்லை, வாயில்தான் ஓடுகின்றன. ராத்திரி ஜெபத்தில் ஒரு கஞ்சிராவும் ஆளுக்கொரு பாட்டுப் புத்தகமும் இருந்தால் போதும். நாங்கள் பார்த்த பதிவுகள் சிலவற்றில் கீபோர்டு குரலை மூடிவிடுகிறது. நல்ல பதிவுகள் இருக்கலாம், நான் தேடிப் பார்த்தது குறைவு. அந்தப் பாட்டுகளை நாங்களே பாடும்வரை தேடவும் தோன்றாது.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. ஜிம் ரீவ்ஸ் பெயரில் பாட்டுகளை முன்பின்னாக மாற்றிப்போட்ட தொகுப்புகள் பல கிடைக்கின்றன. அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பாட்டு பன்னிரண்டு இருக்கவேண்டும். 'ஜிங்கிள் பெல்ஸ்' முதலாவது, 'சைலண்ட் நைட்' கடைசி. வீட்டுக்கு வந்ததும் உறையோடு ஒரு துணியில் சுற்றி, அடுப்படிக்குப் பக்கத்து அலமாரியில் வையுங்கள், ஜன்னலோரம் வேண்டாம். மலை ஈரத்துக்கு அவ்வளவு கிட்டே எதையும் வைக்க எனக்கு இனித் துணிவில்லை.